பீரோவில் தூங்கும் பென் டிரைவ்

கல்யாணம் முடிந்து, ஆறேழு மாதம் நம்மை அலையவிட்ட பிறகு, வீடியோக்காரர் ஒரு பென் டிரைவைக் கையில் தருவார். அதை ஒருநாள் டிவியில் சொருகிக் குடும்பமே உட்கார்ந்து பார்க்கும். பிறகு அது பீரோவுக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்விடும். நகைக்கு அது சரியான இடம். பென் டிரைவுக்கு இல்லை.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி மூன்றும் ஃப்ளாஷ் வகை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து, எந்த அறை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் கொண்டுதான் தகவலைப் படிக்கின்றன. முன்பெல்லாம் அறை நிரம்பியிருக்கிறதா, காலியா என்று பார்த்தால் போதும். இப்போது குறைந்த விலையில் நிறையத் திணிக்க வேண்டியிருப்பதால், ஒரே அறைக்குள் 8 அல்லது 16 மட்டங்களைப் பிரித்தறிகிறார்கள். சற்றே கசிந்தாலும் மட்டம் மாறிவிடும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். எஸ்எஸ்டிகளுக்கு ஜெடெக் என்ற தர அமைப்பின் விதி ஒன்று உண்டு. எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்கிறது அது. புதியது இன்னும் பல ஆண்டு தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில், இரும்பு பீரோவின் சூடு 30 டிகிரியோடு நிற்குமா?

நீண்ட நாள் வைத்திருக்க என் ஓட்டு, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்குக்கே. காந்தப் பதிவு இவ்வளவு எளிதில் கசியாது; ஒரு ஜிபிக்கு ஆகும் செலவும் குறைவு. ஆனால் அதற்கும் சாவு உண்டு. லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ் வெளியிட்டுவரும் கணக்குப்படி, பொதுவாக ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பழுதாகின்றன. அதுவும் குளிரூட்டிய அறையில், யாரும் மேசையிலிருந்து தட்டிவிடாத இடத்தில். எனவே ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். முடிந்தால் வெவ்வேறு கம்பெனியாக. டிவிடியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வட்டு நன்றாகவே இருந்தாலும், அதைப் போட்டுப் பார்க்க இன்றைய லேப்டாப்பில் வழியில்லை.

‘எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கிறதே’ என்பவர்கள் கவனிக்க: போனில் இடமில்லை என்று அந்தச் செயலியில் ஒரு படத்தை அழித்தால், கிளவுடிலும் சேர்ந்தே அழியும். 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அவ்வளவுதான். இரண்டு ஆண்டு யாரும் திறக்காத கணக்கை நீக்கும் விதியையும் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மறைந்த அப்பாவின் கணக்கில் படங்கள் இருந்தால், இன்றே இறக்கி வைப்பது நல்லது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த ‘வேறு இடம்’ ஏன் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கிய சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு டிஸ்கை மதுரையிலிருக்கும் அக்கா வீட்டில் கொடுத்துவையுங்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் சொருகி, நாலு படத்தையாவது திறந்து பாருங்கள்.

திறந்து பார்க்காததன் விலையை பிக்ஸார் ஸ்டுடியோ 1998இல் கண்டது. ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை யாரோ ஒரே கட்டளையில் தவறுதலாக அழித்துவிட்டார்கள். காப்புப் பிரதியைத் தேடியபோதுதான் அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. அப்போது, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சுஸ்மனுக்குத் தன் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.