உயிரணுவின் எரிபொருளும் அதன் ஆயுளும்

புற்றுநோய்க் கட்டியை எதிர்க்கும் டி உயிரணுக்கள், அதாவது இயல்பு திரிந்த உயிரணுக்களை இனங்கண்டு கொல்லும் ஒருவகை வெள்ளையணுக்கள், எவ்வளவு காலம் உடலில் நிலைத்துப் போரிடும் என்பதை அவை ஆற்றல் பெறும் முறையே பெரிதும் முடிவு செய்கிறது என்று காட்டிய ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மதுசூதனன் சுகுமார் என்னும் இளம் ஆய்வாளர் தம் குழுவினருடன் நடத்தி 2013இல் வெளியிட்டதாகும்.

உயிரணு உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றிக்கொள்ளும் வேதிவினைகளின் தொகுதியே வளர்சிதைமாற்றம் எனப்படும். குளுக்கோஸை அரைகுறையாகச் சிதைக்கும் கிளைக்கோலிசிஸ் என்னும் விரைவு வழியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2 அலகே மிஞ்சுகிறது. ஆக்சிஜனைக் கொண்டு, உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் முழுமையாக எரித்தால் ஏறத்தாழ 30 அலகு கிடைக்கிறது. ஆயினும் தூண்டப்பட்ட டி உயிரணு விரைந்து பெருக வேண்டியிருப்பதால் முதல் வழியையே மிகுதியாக நாடுகிறது.

நோயாளியிடமிருந்து எடுத்த டி உயிரணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சையின் இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. மலாக்காத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் நன்கறிவர்: ஓய்வின்றி வெட்டப்படும் மரம் சில காலம் மிகுதியாகப் பால் தந்து, பின்னர் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அவ்வாறே, அளவின்றிப் பெருக்கப்பட்ட உயிரணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் உடலுக்குள் சென்றபின் விரைவில் ஓய்ந்துவிடுகின்றன. சுகுமார் குழுவினர், கிளைக்கோலிசிஸைத் தடுக்கும் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் என்னும் பொருளை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்து எலியின் டி உயிரணுக்களை வளர்த்தபோது, அவை முன்பு எதிர்கொண்ட இலக்கை மீண்டும் இனங்காணும் நினைவுத் திறனைத் தக்கவைத்து நெடுநாள் வாழ்ந்ததோடு கட்டிகளையும் வலுவாக எதிர்த்தன. மாறாக, கிளைக்கோலிசிஸை வலிந்து மிகுவித்தபோது அந்த நீடித்த வாழ்வு குன்றியது. மைட்டோகாண்ட்ரியச் சவ்வின் மின்னழுத்தம் குறைந்த உயிரணுக்களைச் சாயமேற்றிப் பிரித்தெடுத்தால் நீடித்துழைப்பவற்றை முன்னரே தெரிவு செய்யலாம் என்று 2016இல் அவர்கள் காட்டியதே, சிகிச்சைக்கூடத்திற்கு இன்னும் நெருக்கமான, இந்த ஆய்வு வரிசையின் மிகச் சிறந்த பயன் எனலாம்.

இவ்வாய்வுகளில் கட்டுப்படுத்தப்பட்டது ஆய்வகக் குடுவையில் வளர்ந்த உயிரணுவின் சர்க்கரைப் பயன்பாடே அன்றி, நோயாளியின் உணவு அன்று. ஆகவே மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், சர்க்கரையை அறவே நீக்கினால் நோய் தீரும் என்னும் செய்தியை நம்பி மருந்தையோ உணவையோ கைவிடாமல், எந்த மாற்றத்தையும் தம் மருத்துவரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.