மறதியும் அன்பும்: திரைப்படங்கள் காட்டுவதும் காட்டாததும்

மறதிநோய்க்குச் சிகிச்சை பெற வருவோரின் குடும்பத்தாருடன் உரையாடும்போது, நோயைப் பற்றிய அவர்களது எண்ணங்களில் ஒரு பகுதி திரைப்படங்களிலிருந்து வந்திருப்பதை நாங்கள் காண்கிறோம். "சினிமாவில் வருவதுபோல ஒருநாள் எல்லாம் திடீரென நினைவுக்கு வந்துவிடுமா, டாக்டர்?" என்று கேட்பவர் உண்டு. "இத்தனை ஆண்டு கூட வாழ்ந்த என்னையே யாரென்று தெரியவில்லை என்றால், வைத்த அன்பெல்லாம் எங்கே போயிற்று?" என்று கலங்குபவரும் உண்டு. முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்விதான் குடும்பங்களை அதிகம் வருத்துவது. நீங்கள் அறிந்த சில படங்களைத் துணைக்கொண்டு இரண்டுக்கும் விடை கூற முயல்கிறோம்.

அடிபட்டு வரும் மறதி

தமிழ்த் திரையில் மறதி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 1982இல் பாலு மகேந்திரா இயக்கிய 'மூன்றாம் பிறை'. விபத்தில் நினைவிழந்து குழந்தையைப்போல் ஆகிவிட்ட விஜியைச் சீனு பேணிக் காக்கிறான். சிகிச்சையால் பழைய நினைவு திரும்பியதும் அவள் அவனை மறந்துவிடுகிறாள். கேத்தி ரயில் நிலையத்தில் அவன் தன்னை நினைவூட்டப் படும் பாட்டைக் கண்டு கலங்காதவர் குறைவு. 2005இல் வந்த 'கஜினி'யில் நாயகனுக்குப் புதிய நினைவு எதுவும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை. 2012இல் வெளியான 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில், கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்ட இளைஞன் தான் மணக்கப்போகும் பெண்ணையே அடையாளம் காணவில்லை. ஒளிப்பதிவாளர் பிரேம்குமாரின் வாழ்வில் உண்மையாகவே நேர்ந்ததைத் தழுவிய கதை அது.

இம்மூன்றில் மருத்துவ உண்மைக்கு மிக அருகில் இருப்பது கடைசிப் படமே. தலையில் அடிபட்டவர், அடிபடுவதற்குச் சற்று முந்தைய காலத்தை மறப்பதும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், பின்னர் படிப்படியாகத் தெளிவதும் நாங்கள் காணக்கூடியவை. வளர்ந்த ஒருவர் முழுக் குழந்தையாக மாறிவிடுவது திரைக்கதையின் வசதிக்காக அமைந்தது. பழைய படங்கள் சிலவற்றில் வருவதுபோல, மறுபடி தலையில் அடிபட்டால் நினைவு திரும்பும் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாம் அடி மூளைக்கு மேலும் கேடு செய்யும்.

முதுமையில் வரும் மறதிநோய்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் வழி வேறு. அது ஒரே நாளில் வருவதில்லை, ஒரே நாளில் நீங்குவதும் இல்லை. அதன் வகைகளுள் மிகப் பரவலானது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் இதனை முதன்முதலாக விவரித்தார். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறக்குறைய 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணித்தது.

நினைவு என்பது மூளையில் ஒரே அறையில் பூட்டிவைத்த பொருள் போன்றதன்று. காலையில் என்ன உண்டோம், நேற்று யார் வந்தார்கள் என்பன போன்ற அண்மை நிகழ்ச்சிகளைப் பதியவைப்பது ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி. அல்சைமர் நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே காலை உணவை மறந்தவர் தம் திருமண நாளைத் தெளிவாக விவரிப்பார். கோலமிடுதல், காய் நறுக்குதல், பாடுதல் போன்று கை பழகிய, நாப் பழகிய செயல்கள் வேறு பாதைகளில் பதிந்திருப்பதால் நெடுநாள் தங்குகின்றன. முகங்களையும் பெயர்களையும் இனங்காணும் திறன் நோய் முற்றும்போது குறைகிறது. மனைவியைத் தாய் என்றும், மகனைத் தம்பி என்றும் எண்ணுவது அக்கட்டத்தில் இயல்பு. அவர் மனத்தில் தம்மை இளைஞராகக் கருதும்போது, எதிரே நிற்கும் நரைத்த மூதாட்டி தம் மனைவி என்பது அவருக்குப் பொருந்துவதில்லை.

கணபதியும் பவானியும்

இந்நோயைத் தமிழ்ப் படங்களுள் மிகுந்த கனிவுடன் காட்டியது மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'. 2015இல் வெளியான இப்படத்தில், மும்பையில் வாழும் முதிய தம்பதியராகப் பிரகாஷ்ராஜும் லீலா சாம்சனும் நடித்தனர். கர்நாடக இசைப் பாடகியான பவானிக்கு அல்சைமர் நோய். அவரைக் கணவர் கணபதி அன்றாடம் பேணுவதைக் கண்டு, திருமணத்தில் நம்பிக்கையற்ற இளம் இணையரின் மனம் மாறுகிறது.

இப்படம் சரியாகச் சொன்னவை இரண்டு. நோயாளியைக் கேலிப் பொருளாகவோ சுமையாகவோ அது காட்டவில்லை. நீண்ட காலக் காதல் பெரிய சொற்களில் இல்லாமல் அன்றாடப் பணிவிடையில் இருப்பதையும் அது உணர்த்திற்று. ஆனால் நாம் அங்கே காண்பது நோயின் தொடக்கமும் நடுப்பகுதியுமே. உறக்கமற்ற இரவுகள், ஆடை மாற்ற மறுத்தல், சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல், காரணமற்ற சினம் ஆகியவை திரைக்கு வெளியே நின்றுவிட்டன. கணபதியைப் போல் எப்போதும் புன்முறுவலுடன் இருக்க இயலவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை. கணபதி நமக்குத் தென்படுவது சில நிமிடங்கள் மட்டுமே.

வழி தவறுதல்

மூன்று ஆண்டுகள் கழித்து, 2018இல் ராதாமோகன் இயக்கிய '60 வயது மாநிறம்' வந்தது. 2016இன் கன்னடப் படம் ஒன்றின் தழுவல் இது. முன்பு பராமரிப்பவராக நடித்த பிரகாஷ்ராஜ் இதில் நோயாளி. காப்பகத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்ற மகனின் கவனம் சிதறிய வேளையில் தந்தை காணாமற்போகிறார். படத்தின் தலைப்பே காணாமற்போனோர் அறிவிப்பில் வரும் வாசகம். தேடும் வழியில்தான் மகன் தன் தந்தையை உண்மையில் அறிந்துகொள்கிறான்.

வழி தவறுதல் கற்பனையன்று, இந்நோயின் மெய்யான ஆபத்து. நம் அத்திப்பட்டுச் சூழலில் அது இன்னும் கூடுதல். ஒருபுறம் புறநகர் மின்ரயில் பாதை, மறுபுறம் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள், அருகிலேயே ஆறும் கால்வாயும். ஆலையில் ஷிப்ட் முறையில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர், விடியற்காலையில் "டூட்டிக்கு நேரமாயிற்று" என்று கிளம்பக்கூடும். அவரைத் தடுத்து வாதிடுவதைக் காட்டிலும், "இன்று வார விடுமுறை, காபி குடித்துவிட்டுப் பேசலாம்" என்று திசைதிருப்புவது பயன்தரும்.

அவரது சட்டைப்பையில் பெயரும் உங்கள் கைபேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். அண்மைக்காலப் புகைப்படம் ஒன்றை வைத்திருங்கள். அக்கம்பக்கத்தார், தெருமுனைக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோரிடம் நோயை மறைக்காமல் சொல்லிவையுங்கள். காணாமற்போனால் முதலில் தேட வேண்டிய இடங்கள் பழைய பணியிடம், முன்பு குடியிருந்த வீடு, வழக்கமாக ஏறிய ரயில் நிலையம். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. உடனே 112 எண்ணை அழையுங்கள்.

நோயாளியின் கண் வழியே

ஆங்கிலத்தில் 2020இல் வெளிவந்த 'தி ஃபாதர்' படம் மறதிநோயை நோயாளியின் கண் வழியே காட்டியது. வீட்டின் பொருள்கள் இடம் மாறுகின்றன, மகளின் முகம் வேறு ஒருத்தியின் முகமாகிறது, சொன்னது சொல்லாததாகிறது. தம் கைக்கடிகாரத்தைப் பிறர் திருடிவிட்டதாக முதியவர் உறுதியாக நம்புகிறார். அவ்வேடத்துக்காக ஆன்டனி ஹாப்கின்ஸ் தம் 83ஆம் வயதில் ஆஸ்கர் விருது பெற்றார்.

"மருமகள் என் பணத்தை எடுத்துவிட்டாள்" என்னும் குற்றச்சாட்டால் மனம் உடைந்த குடும்பங்களுக்கு இப்படம் ஒரு விளக்கம். பொருளை வைத்த இடம் நினைவில் பதியவில்லை. பொருளோ காணவில்லை. மூளை அந்த இடைவெளியைத் தனக்குத் தோன்றிய காரணத்தால் நிரப்புகிறது. அது அந்த மருமகளின் மீதுள்ள வெறுப்பினால் எழுந்ததன்று. "நான் எடுக்கவில்லை" என்று வாதாடாமல், "வாருங்கள், சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள்.

உணர்வு தங்குகிறது

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை செய்கிறது. அல்சைமர் நோயுள்ள 17 பேருக்கும், நோயற்ற 17 பேருக்கும் துயரமான திரைக்காட்சிகளையும் பின்னர் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினர். சில நிமிடங்களிலேயே நோயாளிகள் தாம் பார்த்தவற்றுள் பெரும்பகுதியை மறந்துவிட்டனர். ஆனால் காட்சிகள் எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் நீடித்தன. மறந்தது எவ்வளவு மிகுதியோ, துயரம் அவ்வளவு நீடித்ததாகவும் அவர்கள் கண்டனர்.

இதன் பொருள், காலையில் நீங்கள் கடிந்து பேசியதை அவர் மறந்துவிடுவார், கடிந்ததால் எழுந்த கலக்கமோ தங்கும். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்ததும் மறந்துபோகும், அதனால் வந்த அமைதி தங்கும். உங்கள் பெயரை இழந்துவிட்ட ஒருவர், உங்கள் குரல் கேட்டதும் அமைதியடைகிறார் என்றால், நீங்கள் வைத்த அன்பு அவரைச் சென்றடைகிறது என்றே கொள்ளலாம்.

திரைப்படங்களுக்கு ஓர் உச்சக் காட்சி தேவை. அதனால் "என்னைத் தெரிகிறதா?" என்ற கேள்வியில் காதலின் வெற்றி தோல்வியை வைக்கின்றன. வீட்டில் அந்தத் தேர்வை நடத்த வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று உறவினர் ஒவ்வொருவரும் கேட்கும்போது அவர் தோற்கிறார், அத்தோல்வியின் வலி மட்டும் அவரிடம் மிஞ்சுகிறது. மாறாக, "அப்பா, நான் உங்கள் மூத்த மகள், மீஞ்சூரிலிருந்து வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லித் தொடங்குங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாடல்களை ஒலிக்கவிடுங்கள். கீரை ஆய்வது, துணி மடிப்பது போன்ற பழகிய வேலைகளைத் தாருங்கள்.

பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும்

திரைப்படங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது பராமரிப்பவரின் உடல்நிலையை. தாமே நீரிழிவும் மூட்டுவலியும் உள்ள மனைவியர், கணவருக்காகத் தம் மாத்திரைகளையும் பரிசோதனைகளையும் தள்ளிப்போடுகின்றனர். சலிப்பும் சினமும் அன்பு குறைந்ததன் அடையாளமாகா. அவை உறக்கமின்மையின் அடையாளங்கள். வாரத்தில் சில மணி நேரமேனும் பிள்ளைகளோ உடன்பிறந்தோரோ பொறுப்பை ஏற்க வேண்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமற்றவை.

எப்போது வர வேண்டும்

கண்ணாடியை வைத்த இடம் மறப்பது வயதின் இயல்பு. பல்லாண்டு நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, சில்லறைக் கணக்கில் தொடர்ந்து தடுமாறுவது, சமைக்கும் முறையே மறப்பது ஆகியவை பரிசோதனைக்கு உரியவை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, மூளையைச் சுற்றி இரத்தம் தேங்குதல் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுள் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை. ஆதலால் "வயதாகிவிட்டது" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

அல்சைமர் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. டோனெபெசில், மெமான்டின் போன்றவை சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், செவித்திறன் குறைவு ஆகியவற்றை உரிய காலத்தில் கவனித்தால் மறதிநோயின் வாய்ப்பைக் குறைக்க முடியும். இரைச்சல் மிகுந்த ஆலைகளில் பணியாற்றுவோர் காதுகளைக் காப்பது இதற்கும் உதவும்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால், அது மறதிநோயாக இருப்பதைவிட நோய்த்தொற்றாகவோ, உப்புச்சத்துக் குறைவாகவோ, பக்கவாதமாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். தாமதிக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, நோயாளியின் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் கொண்டுவாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் கவனித்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அதையும் நாங்கள் கேட்டறிவோம்.