சைக்கிள் பயணிக்கு ஒரு கை

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டார்கள். நாட்டின் முதல் மோட்டார் சைக்கிள் தடம் அதுதான். மூட்டை முடிச்சோடு சைக்கிளில் ஊர் சுற்ற வரும் வெளிநாட்டுப் பயணிகளையும் அங்கே பார்க்கலாம். பிற்பகலில் இடியும் மழையும் கொட்டினால், மேம்பாலத்தடியில் ஒதுங்கிய மோட்டார்காரர்கள் தள்ளி நின்று அவர்களுக்கும் இடம் கொடுப்பார்கள்.

டயர் பஞ்சரானால்தான் சிக்கல். பல பயணச் சைக்கிள்களின் டியூபில் இருப்பது பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. நம் மோட்டார் பட்டறைக் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. வால்வின் நுனித் திருகைத் தளர்த்தி, சின்னப் பித்தளை அடாப்டரை மாட்டினால் காற்று ஏறிவிடும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாரே, அப்படி ஓர் அடாப்டர் கைவசம் இருக்கட்டும். விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. வழி தெரியாமல் அந்தப் பக்கம் திரும்புகிறவருக்குச் சரியான பாதையைக் காட்டுங்கள். அப்படியே, "பசியாறிட்டீங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.