மாரிகாலமும் பழைய மோட்டார் வண்டியின் பிறேக்கும்

பிணி இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருவள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி. மனித உடலுக்குக் கூறிய இந்நெறி இயந்திரத்துக்கும் பொருந்தும். மோட்டார் வண்டியின் பிறேக்குக் குறித்து அது பெரிதும் பொருந்தும். ஏனெனில் அங்கே பிழையாகக் கணித்த நோய் உயிரைக் கொள்ளும்.

2020 மார்ச்சு முதல் பல ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டமையால், இலங்கையிலே பழைய வண்டிகளைப் பேணுதல் பலர்க்கும் இன்றியமையாததாயிற்று. இவ்வகை வண்டிகளுள் மோறிஸ் மைனர் நம் நாட்டவர்க்கு நன்கு அறிமுகமானது. 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த அவ்வண்டியையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தப்படும் அமுக்கம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்பது பஸ்காலின் விதி. மிதியைக் கால் அழுத்த, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் அவ்வழுத்தத்தை நான்கு சில்லுகளுக்கும் கொண்டுசெல்கின்றது. அங்கே ஷூக்கள் விரிந்து டிறத்தை உட்புறமாக உரசுகின்றன. மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த்தொகுதி. ஆதலின் ஓரிடத்து ஒழுக்கு முழுப் பிறேக்கையும் இழக்கச் செய்யும். கைப்பிறேக்கு மட்டுமே எஞ்சும். அன்றியும், அதன் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின்கீழே உள்ளது. வெள்ளவத்தையின் உப்புக்காற்றும், கொட்டாஞ்சேனைத் தெருக்களில் தேங்கும் மழைநீரும் அதனை எளிதிற் சென்றடையும்.

மாரிகாலத்துக் குறைகளுட் சில கணநேரத்தன. நீர்தேங்கிய தெருவைக் கடந்தவுடன் பிறேக்குத் தளர்ந்தால், டிறத்தினுள் நீர் புகுந்தது எனலாம். மெல்லச் செலுத்தி மிதியை இலேசாகப் பலமுறை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அது உலரும். ஈரத்தோடு கைப்பிறேக்கை இழுத்து இரவில் நிறுத்திய வண்டி காலையில் நகர மறுத்தால், ஷூ கறளினால் டிறத்தோடு ஒட்டியிருக்கும். விடுபட்ட பின்னரும் ஒரு சில்லு மட்டும் மிகச் சூடேறுமாயின், கேபிளோ சிலிண்டரோ கறள்பிடித்து இறுகியுள்ளது.

ஏனையவற்றை மிதியே உணர்த்தும். முதல் அழுத்தலில் தாழ்ந்து, இரண்டாவதில் உயர்ந்து உறுதியாக நிற்பின், ஷூவுக்கும் டிறத்துக்கும் இடைவெளி மிகுந்தது. அதனைத் திருத்தியமைத்தல் போதும். பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயினுள் காற்றுண்டு. கால் அழுத்தியபடி இருக்க மெல்லக் கீழிறங்கினால் ஒழுக்கு. திரவமும் குறையுமாயின் அது புறத்தே கசிகின்றது. குறையாதாயின் மாஸ்டர் சிலிண்டரின் உள்றபர் தேய்ந்துள்ளது. வண்டி ஒருபுறம் இழுத்தால், பெரும்பாலும் மறுபுறத்துச் சில்லே தன் கடமையைச் செய்யவில்லை. இழுக்கும் பக்கத்தை மட்டும் பழுதுபார்ப்பார் பணத்தையும் காலத்தையும் இழப்பர்.

இவையனைத்தினும் கொடியது வெளித்தெரியாத ஒன்று. வழக்கமான பிறேக்குத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை சென்றிகிறேட்டிற் கொதிக்கும். நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் குறைந்த நீர் கலந்தவிடத்தும் அவ்வெல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். காலி வீதியில் நின்று நின்று செல்லும் வண்டியில் இக்குறை தோன்றாது. மிதியும் உறுதியாகவே இருக்கும்.

விடுமுறையில் குடும்பத்தோடு சீதையம்மன் கோயிலைத் தரிசித்து, ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போதே அது வெளிப்படும். அதிகாலைக் குளிரில் நன்றாயிருந்த பிறேக்கு, வளைவுதோறும் அழுத்த அழுத்தச் சூடேறும். திரவத்துள் நீராவி தோன்றும். திரவம்போலன்றி ஆவி அமுக்கத்தாற் சுருங்குமாதலின், மிதி வெறுமையாகத் தளத்தைத் தொடும். மாறாக, மிதி உறுதியாயிருந்தும் வண்டி நில்லாது கருகல் மணம் வீசின், லைனிங் வெப்பத்தாற் பிடியிழந்தது என அறிக. ஈரிடத்தும் கியரைக் குறைத்து, கைப்பிறேக்கின் துணையோடு வண்டியை நிறுத்தி ஆறவிடுதலே தக்கது. ஆறியபின் மிதி மீண்டும் உறுதிபெறும். அதனைக் குணமென மயங்கிப் பயணத்தைத் தொடர்தலே பேராபத்து.

ஆதலின் ஈராண்டுக்கொருமுறையேனும் திரவத்தை முற்றாக மாற்றுதல் வேண்டும். மலைப்பயணத்துக்கு முன்னர் நான்கு டிறங்களையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஏறுதற்கு வேண்டிய கியரிலேயே இறங்குதல் வேண்டும். சமவெளியிற் குறைகாட்டாத பிறேக்கு மலையிலும் குறையற்றது எனக் கொள்ளுதல் தவறு. காரணத்தைத் தேடி அறிபவனே வண்டியில் அமர்ந்திருப்போர்க்கு உண்மையான காவலனாவான்.