டின்னுக்குள் ஒரு மீன் குழம்பு

கடலுக்கு 300 கி.மீ. தள்ளி வாழும் ஷிப்ட் குடும்பங்களுக்கு 20 நிமிட இரவுச் சாப்பாடு

பொம்மசந்திராவில் இரவுச் சமையல் என்பது கடிகாரத்தோடு நடக்கும் சண்டை. ஓசூர் சாலையின் இரு பக்கமும் தொழிற்சாலைகள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்துத் தமிழ் கேட்கும். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இங்கே வந்து சேர்ந்த பிறகு, ஆர்.வி. ரோட்டிலிருந்து 19 கி.மீ. தூரத்தை சில்க் போர்டு நெரிசலில் சிக்காமல் கடந்துவிடலாம். இருந்தும் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அடுப்பு பற்றும்போது மணி எட்டைத் தாண்டிவிடுகிறது. அந்த நேரத்தில் மீன் குழம்பு என்று யாராவது பேச்செடுத்தால் கரண்டி பறக்கும்.

நியாயம்தான். மீன் வாங்குவது ஒரு வேலை, ஆய்வது இன்னொரு வேலை. செதிலையும் குடலையும் எங்கே போடுவது என்பது மூன்றாவது வேலை. கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் சைவமாக இருந்துவிட்டால் நான்காவதாக ஒரு பஞ்சாயத்தும் உண்டு. ஆக, மீன் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரமாகச் சுருங்கிவிட்டது. மற்ற ஆறு நாளும் முட்டை, தக்காளிச் சாதம், இல்லாவிட்டால் முக்குக் கடை பரோட்டா.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீனாவது புதுசா? சென்னையும் மங்களூரும் இங்கிருந்து 300 கி.மீ.க்கு மேல். ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்த மீனைத்தான் 'ஃபிரெஷ்' என்று கூவி விற்கிறார்கள். அது கடலை விட்டு எத்தனை நாளாயிற்று என்பது விற்பவருக்கே தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையிலும், ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கரையிலும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது வரத்து குறையும், விலை ஏறும்.

இந்த இடத்தில்தான் சூப்பர் மார்க்கெட் அலமாரியின் ஒரு மூலையில் யாரும் சீண்டாமல் கிடக்கும் டின் மீனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் அதற்கு நல்ல பெயர் இல்லை. பழசு, நாற்றம், வெள்ளைக்காரன் தீனி என்று மூன்று குற்றச்சாட்டுகள். பாக் நீரிணையைத் தாண்டினால் கதையே வேறு. இலங்கையில் 'டின் மீன்' மளிகைப் பட்டியலில் பருப்புக்கும் தேங்காய்க்கும் பக்கத்தில் நிற்கும் பொருள். யாழ்ப்பாணத்தார் அதை 'ரின் மீன்' என்று எழுதுவார்கள். விலை ஏறினால் வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு கேட்கும். அரசே அதிகபட்ச விலையை நிர்ணயித்து அறிவித்த காலங்களும் உண்டு. சுற்றிலும் கடல் உள்ள தீவில், மீனுக்குப் பேர்போன தமிழர்களே டின்னைத் திறக்கிறார்கள் என்றால் ருசியில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். சிங்கப்பூரிலும் அப்படித்தான். 1892-ல் ஆல்ஃபிரட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே தொடங்கிய அயாம் நிறுவனத்தின் சேவல் படம் போட்ட சார்டின் டின், சம்பலாகி ரொட்டிக்கு நடுவே போய்விடுகிறது.

நமக்கும் இது அந்நியம் அல்ல. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்ட சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் காலத்திலேயே, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் பகுதியில் அரசு செலவில் மத்தியை டின்னில் அடைத்துப் பார்த்தார்கள். லட்சத்தீவின் மினிக்காய் தீவில் 1969 முதல் சூரை மீனை டின்னில் அடைக்கும் அரசுத் தொழிற்சாலை உண்டு. அங்கே தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கும் மீன் அது.

கடைகளில் 'டூனா' என்று இருப்பது சூரை. 'சார்டின்' என்பது நம் மத்தி அல்லது சாளையின் இனம். 'மேக்கரல்' என்றால் கானாங்கெளுத்தியின் உறவு. மூன்றும் உப்புத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தக்காளிச் சாஸிலோ மிதந்துகொண்டிருக்கும்.

டின் மீன் சரியில்லை என்று ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் பச்சை மீன் போலவே சமைத்தவர்கள். டின்னை மூடிய பிறகு சுமார் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வேகவைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அதாவது, மீன் முன்பே வெந்துவிட்டது. அதைக் கொதிக்கும் புளிக் குழம்பில் கால் மணி நேரம் போட்டால் நார் நாராகப் பிரியும், வாடை தூக்கும். குழம்பு முழுசாகத் தயாரான பிறகு மீனை இறக்கி, மூன்றே நிமிடம் சிறு தீயில் வைத்து, கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். உப்பையும் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்; டின்னுக்குள்ளேயே உப்பு இருக்கிறது.

இலங்கைப் பாணி குழம்பு நான்கு பேருக்கு இப்படி. 425 கிராம் மேக்கரல் டின் ஒன்று (சிறிய டின் என்றால் இரண்டு), தண்ணீரை வடித்துவிடுங்கள். எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் வதக்கி, ஒரு தக்காளி, மஞ்சள், இரண்டு தேக்கரண்டி குழம்புத் தூள் சேர்த்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விட்டுக் கொதிக்க வையுங்கள். பச்சை வாசனை போனதும் அரை டம்ளர் தேங்காய்ப் பால், பிறகு மீன். சோறு குக்கரில் விசில் அடிக்கும் நேரத்தில் குழம்பு இறங்கிவிடும். இடியாப்பம் கிடைத்தால் யோகம்.

தக்காளிச் சாஸில் வரும் சார்டினுக்கு இன்னும் குறைந்த வேலை. வெங்காயமும் மிளகாய்த் தூளும் வதக்கி, சாஸோடு அப்படியே கவிழ்த்து, கொஞ்சம் மிளகைத் தட்டிப் போட்டால் சப்பாத்திக்குத் தொக்கு தயார். சாஸில் இனிப்பு தூக்கலாக இருந்தால் அரை மூடி எலுமிச்சை.

சூரைதான் நம் நாக்குக்கு மிக அருகில் வருவது, சுறாப்புட்டின் புண்ணியத்தில். வடித்து உதிர்த்த சூரையை, நிறைய வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள், சோம்புத் தூளோடு ஈரம் வற்றும் வரை புரட்டினால் புட்டு. ஒரு முட்டை உடைத்து ஊற்றினால் அளவும் கூடும். ரசம் சோற்றுக்கு இதைவிடத் துணை வேண்டாம். பத்து நிமிட வேலை. அரிவாள்மனை பிடிக்கத் தெரியாத கணவர்களும் தப்பிக்க முடியாது.

சத்து விஷயத்தில் சார்டின் கெட்டிக்காரி. 100 கிராமில் புரதம் சுமார் 25 கிராம். பொடிந்து போகும் அளவுக்கு மெத்தென்றிருக்கும் முள்ளையும் சேர்த்துத் தின்றால் கால்சியம் 350 மில்லி கிராமுக்கு மேல். முள்ளுக்குப் பயந்து மீனை ஒதுக்கும் குழந்தைக்கு இது தோது. ஆனால் இரத்த அழுத்தக்காரர்கள் உப்புத் தண்ணீரை வடித்து மீனை ஒருமுறை அலசிக்கொள்வது நல்லது. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மத்தியிடம் ஜாக்கிரதை. பெரிய மீனான சூரையில் பாதரசம் சற்று கூடுதல் என்பதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தினமும் தின்ன வேண்டாம். சின்ன மீன்களில் அந்தக் கவலை குறைவு.

வாங்கும்போது டின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூடி உப்பியிருந்தாலோ, ஓரத் தையலில் நசுங்கியோ கசிந்தோ இருந்தாலோ, திறந்ததும் பீய்ச்சி அடித்தாலோ தூக்கி எறிய வேண்டியதுதான். உயிரைக் குடிக்கும் பொட்டுலிசம் நஞ்சுக்கு வாசனையும் ருசியும் கிடையாது. நாக்கில் வைத்துச் சோதிக்கிற சாமர்த்தியம் வேண்டாம்.

விலைதான் உதைக்கிறது. ஒரு சிறிய டின் விலைக்கு மீன் கடையில் எவ்வளவு மத்தி கிடைக்கும் என்று கணக்குப் போடாத குடும்பத் தலைவி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பதப்படுத்திய மீனுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் தினமும் திறக்கிற விலை அல்ல இது. ஒப்பிட வேண்டியது மத்தியோடு அல்ல, வாரத்தில் இரண்டு நாள் நான்கு பேருக்கு வாங்கும் பரோட்டா, சால்னா பில்லோடு. அந்தக் கணக்கில் டின் அப்படியொன்றும் தோற்றுவிடாது.

மிச்சம் இருந்தால் டின்னிலேயே வைத்து ஃபிரிட்ஜில் தள்ளாமல் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அவித்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தால் கட்லட். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் டிபன் பாக்ஸில் நான்கு, பள்ளிக்கூடப் பையில் இரண்டு.