சலவைத் தொட்டிக்குக் கழிவு நீர்க் குழாயும் காற்றுக் குழாயும்

கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் துவைகல்லைப் போட்டுத் துணி துவைத்த காலத்தில், துவைத்த நீர் எங்கே போகிறதென்று எவரும் கவலைப்பட்டதில்லை. கல்லின் சரிவில் இறங்கி, நாலு வாழைக் கன்றுகளின் அடியில் அது மறைந்துவிடும். வெட்டவெளியில் ஓடிய நீராகையால் அதற்குக் குழாயும் வேண்டியிருக்கவில்லை. நாற்றத்தைத் தடுக்கும் சாதனமும் வேண்டியிருக்கவில்லை. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் வீட்டுக் குழாயிலேயே கிடைக்க வேண்டும் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. அக்கணக்கின்படி ஐவர் வாழும் வீட்டுக்குள் நாளொன்றுக்கு 275 லிட்டர் நீர் வருகிறது. அதில் பெரும்பங்கு கழிவு நீராகவே திரும்புகிறது. இன்று பல வீடுகளில் சலவை இயந்திரமும், அதன் அருகே கைத்துவையலுக்கென்று ஒரு தொட்டியும் இடம்பெற்றுவிட்டன. உள்ளே வரும் குழாயைப் பார்த்துப் பார்த்து அமைப்போர், வெளியே போகும் குழாயைக் குறித்து ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. சில மாதங்களில் வீட்டுக்குள் நாற்றம் எழும்போதுதான் அதன் நினைவு வருகிறது.

இந்த நாற்றத்தைத் தடுப்பதற்கென்றே தொட்டியின் அடியில் ஒரு வளைவுக் குழாய் பொருத்தப்படுகிறது. கடைக்காரரும் குழாய்த் தொழிலாளியும் இதனை ‘டிராப்’ என்பர். தொட்டியிலிருந்து இறங்கும் நீரில் கடைசியாக எஞ்சுவது இந்த வளைவில் தங்கி நிற்கும். சுமார் 2 அங்குல ஆழமுள்ள அந்த நீரே கதவு. சாக்கடைக் காற்று அதைக் கடந்து வீட்டுக்குள் வர இயலாது. அலெக்சாந்தர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1775ஆம் ஆண்டில் இலண்டனில் உரிமை பெற்ற கழிப்பறைச் சாதனத்தில் இவ்வளைவு இருந்தது. இத்தனை எளிய, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத, மலிவான காவலன் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

ஆனால் இக்காவலனை வலுவிழக்கச் செய்யும் காரணம் ஒன்று உண்டு. அதை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. டீசல் பீப்பாயில் ரப்பர் குழாயை இட்டு, ஒருமுறை உறிஞ்சிவிட்டு, மறுமுனையைக் கீழே தாழ்த்தினால், எண்ணெய் தானாகவே ஏறி இறங்கி வெளியே ஓடுகிறதல்லவா? குழாயினுள் காற்றுப் புகும்வரை அந்த ஓட்டம் நிற்காது. கழிவுக் குழாயிலும் இதுவே நிகழ்கிறது. தொட்டி நிறைய இருந்த நீரை ஒரே மூச்சில் திறந்துவிட்டால், அது குழாயை அடைத்துக்கொண்டு இறங்குகிறது. தன் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கி, வளைவில் தங்க வேண்டிய நீரையும் இழுத்துச் சென்றுவிடுகிறது. கதவு திறந்து கிடக்கிறது. நாற்றம் தாராளமாக உள்ளே வருகிறது. நீர் வடியும் கடைசி நேரத்தில் தொட்டியிலிருந்து ‘களக், களக்’ என்று எழும் ஓசை, குழாய் காற்றுக்குத் திணறும் ஓசையே.

இதற்குப் பரிகாரம் காற்றுக் குழாய். கிணற்றிலிருந்து வயலுக்கு நிலத்தடியில் நீண்ட குழாய் போட்டிருப்போர், இடையில் ஒரு குழாயை மேல்நோக்கி நிறுத்தி வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தோட்டத்தில் அதன் பயனை அறிந்தவர், வீட்டில் அதைச் செலவென்று எண்ணித் தவிர்ப்பது வியப்புக்குரியது. வளைவைத் தாண்டியவுடன், நான்கைந்து அடிக்குள், குழாயிலிருந்து ஒரு கிளையை மேல்நோக்கி எடுத்து, சுவரோரமாகக் கூரைக்கு மேல் கொண்டுசென்று திறந்துவிட வேண்டும். தொட்டியின் விளிம்பைவிட உயரமான இடத்தை அடையும்வரை அதைப் பக்கவாட்டில் திருப்பலாகாது. திருப்பினால் அடைப்பு ஏற்படும் நாளில் கழிவு நீர் அதனுள் புகுந்து, காற்றின் வழியையும் அடைத்துவிடும். அதன் வாய் சன்னலுக்கு அருகில் இருத்தல் கூடாது. வாயில் கொசு வலை கட்டுவது இன்றியமையாதது. தேங்கிய சாக்கடையிலும் செப்டிக் டாங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு, வலையில்லாத காற்றுக் குழாய் வழியே கூட்டமாக வெளியேறும். யானைக்கால் நோயைப் பரப்புவது இக்கொசுவே.

சலவை இயந்திரத்தைப் பொறுத்தமட்டில் இரு வகைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முன்புறம் கதவுடைய இயந்திரங்களில் ஒரு சிறிய பம்பு நீரை வெளியே தள்ளுகிறது. இவற்றின் வெளியேற்றுக் குழாயின் முனை தரையிலிருந்து 2 முதல் 3 அடி உயரத்தில் நிற்க வேண்டும். முனையைத் தரையில் போட்டால், நாம் மேலே சொன்ன டீசல் பீப்பாயின் கதைதான். இயந்திரம் நீரைப் பிடிக்கப் பிடிக்க அது வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். மேலிருந்து துணி போடும் இயந்திரங்களில் பலவற்றுக்குப் பம்பு இல்லை. நீர் தன் எடையினாலேயே வடிகிறது. இவற்றின் குழாயை உயர்த்திக் கட்டினால் நீர் வடியவே வடியாது. ஆகையால் இயந்திரத்துடன் வரும் குறிப்பேட்டைப் படித்துப் பார்த்த பின்னரே கொத்தனாரைச் சுவரை உடைக்கச் சொல்ல வேண்டும்.

பம்புள்ள இயந்திரத்துக்கு, 2 அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் வளைவை வைத்து, இயந்திரத்தின் குழாயை அதனுள் ஒரு சாண் அளவு மட்டும் தொங்கவிடுவது நல்ல முறை. சுற்றிலும் இடைவெளி இருக்கட்டும். நாற்றத்துக்கு அஞ்சி அவ்விடைவெளியைச் சிமெண்டாலோ துணியாலோ அடைப்பவர்கள், காற்றின் வழியை அடைத்துவிட்டு வேறு தொல்லையை வரவழைத்துக் கொள்கிறார்கள். நாற்றத்தைத் தடுப்பது கீழே உள்ள வளைவின் வேலை. தொட்டியின் நீரும் இயந்திரத்தின் நீரும் ஒரே குழாயில் சேருமானால் காற்றுக் குழாய் கட்டாயம் வேண்டும்; இல்லையேல் இயந்திரம் நீரைத் தள்ளும்போதெல்லாம் தொட்டியின் வளைவில் உள்ள நீர் குமிழியிட்டு மேலே வரும், அல்லது இழுக்கப்பட்டு வற்றும்.

படுகிடையாகச் செல்லும் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வீதம் சரிவு கொடுத்தால் போதும். 10 அடிக்கு இரண்டரை அங்குலம். கோடைக் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குச் செல்வோர் திரும்பி வந்ததும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சொம்பு நீர் ஊற்ற வேண்டும்; வளைவில் நின்ற நீர் வெயிலில் வற்றியிருக்கும்.

குழாய் எங்கே போய் முடிகிறது என்பது இவற்றைவிட முக்கியமான கேள்வி. சலவை நீரைச் செப்டிக் டாங்கில் விடும் வழக்கம் பரவி வருகிறது. இதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. வேகமாகப் பாயும் நீர் அடியில் படிந்த கசடைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். உறிஞ்சு குழி விரைவில் அடைபடும். அத்தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கு அதை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். அடைப்பெடுக்க உள்ளே இறங்கிய மனிதர்கள் பலர் இவ்வாறே மாண்டனர். ஆட்களை இறக்கித் தொட்டியைச் சுத்தம் செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. சலவை நீருக்குத் தனி வழி அமைப்பவர், அடைப்பு நேரும் வாய்ப்பையும் குறைக்கிறார்.

இடவசதியுள்ள கிராமத்து வீட்டுக்கு நாம் பரிந்துரைப்பது இதுவே: குழாயை நேரே வெளிச்சுவரைக் கடந்து கொண்டுசென்று, கம்பி மூடியிட்ட ஒரு சிறு குழிக்கு மேலே, திறந்த வெளியில் விழவிடலாம். பஞ்சும் நூலும் தங்குவதற்கு அங்கே ஒரு வலைப்பை கட்டி, வாரந்தோறும் உதற வேண்டும். அங்கிருந்து நீரை உறிஞ்சு குழிக்கோ வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பலாம். செம்மண்ணும் மணலும் நீரை எளிதில் உறிஞ்சும். களிமண் உறிஞ்சாது, அங்கே நீர் தேங்கிக் கொசு வளரும். சலவைத் தூளில் உள்ள சோடியம் உப்புக் களிமண்ணை மேலும் இறுகச் செய்யும் என்பதையும் விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே பாத்தியில் ஆண்டு முழுவதும் பாய்ச்சுவதும், கீரைக்கு விடுவதும் தகாது. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 30 அடிக்குக் குறையாத தூரம் இருக்கட்டும்.

நெருங்கிய தெருக்களில் பஞ்சாயத்தின் சாக்கடையே கதி. சாக்கடை அமைப்பதையும் கழிவு நீரை அகற்றுவதையும் கிராமப் பஞ்சாயத்தின் கடமைகளாக 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் குறிப்பிடுகிறது. ஆகவே புது வீட்டின் வரைபடம் மன்றத்துக்கு வரும்போது, ‘துவைக்கும் நீர் எங்கே விழும்?’ என்று உறுப்பினர்கள் கேட்பது முறையே. வீட்டுக் குழாயின் முனை, சாக்கடையில் நீர் ஓடும் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால், ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பும்போது தெருவின் அழுக்கெல்லாம் துவைக்கும் அறைக்குள் ஏறும். தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போடுமுன் இம்மட்டத்தைக் குறித்துவிட்டால், பின்னர் சாலையை உடைக்கும் வீண் செலவும், அண்டை வீட்டாருக்கிடையே வரும் சச்சரவும் இல்லாமற் போகும்.

குழாய் வேலை முடிந்ததும் சுவரைப் பூசிவிட அவசரப்படலாகாது. தொட்டியை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்; அதே வேளையில் இயந்திரத்தின் நீரும் வெளியேறட்டும். களகளவென்ற ஓசை இல்லாமல் நீர் இறங்கி, வளைவில் நீர் பழைய மட்டத்திலேயே நின்றால், அதன் பிறகு பூச்சு வேலையைத் தொடங்கலாம்.