சரிவு வளவில் ஒரு நிழல் தோட்டம்

வெள்ளவத்தை என்ற பெயருக்குள்ளேயே ஒரு தோட்டம் இருக்கிறது. சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல். 'வத்த' என்றால் தோட்டம். இன்று இங்கே தோட்டத்தைத் தேடித்தான் காண வேண்டும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. எஞ்சிய வீடுகளின் பின்வளவுகளில் வெயில் விழுவதும் குறைந்துவிட்டது. சரிவு, மணல், நிழல் மூன்றும் சேர்ந்த வளவை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் வளவைத் திருத்திய விதம் சகோதரிகள் சிலருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

வளவு இருந்த நிலை

எங்கள் பின்வளவு ஏறக்குறைய 4 பேர்ச்சஸ். பின்வாசலிலிருந்து அடிமதில் வரை 40 அடி நீளம். அதற்குள் 5 அடி இறக்கம். நடுவில் பழைய மாமரம். ஒரு பக்கத்தில் உயர்ந்த தொடர்மாடி. மழை பெய்தால் மணலும் சருகும் அள்ளுண்டு வந்து அடிமதிலில் தேங்கும். தண்ணீர் மதிலின் கீழால் கசிந்து அடுத்த வீட்டுக் குசினிக்குள் போகும். அந்த வீட்டுச் சிங்கள அக்கா பொறுமையானவர். ஆனாலும் ஒவ்வொரு வைகாசி மழைக்கும் அவர் தும்புத்தடியும் கையுமாக நிற்பதைப் பார்க்க எங்களுக்கு மனம் கூசும்.

என் அம்மாவுக்கு வயது 72. யாழ்ப்பாணத்தில் பெரிய வளவில் வளர்ந்தவர். சறுக்கிவிடும் என்ற பயத்தில் பின்வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டார். ஆகவே தண்ணீர் எங்கள் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். அம்மா பயமின்றி நடக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்தே வேலையைத் தொடங்கினோம்.

பார்க்க வந்த மேசன் ஒருவர் முழு வளவுக்கும் சீமெந்து போடச் சொன்னார். கணக்குப் பார்த்தேன். 4 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 100 சதுர மீற்றர். ஒரு நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்வது கொழும்பில் புதுமையல்ல. அப்படிப் பெய்தால் வளவில் விழும் தண்ணீர் 5,000 லீற்றர். சீமெந்து போட்டால் அவ்வளவும் அக்காவின் குசினிக்குத்தான் ஓடும். வேண்டாம் என்றுவிட்டேன்.

முதலில் தண்ணீர், பிறகு செடி

மலையகத்துத் தேயிலை மலைகளைப் பார்த்தவர்களுக்கு வழி தெரியும். சரிவுக்குக் குறுக்கே கற்கட்டுகளும் கான்களும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக நம் தோட்டத் தொழிலாளர் வெட்டிய கான்கள் அவை. ஓடும் தண்ணீரை நடக்க வைப்பது, நடக்கும் தண்ணீரை நிற்க வைப்பது என்பதே அதன் தத்துவம்.

நாங்கள் வளவை மூன்று தட்டுகளாகப் பிரித்தோம். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் மட்டம் பார்த்து, கயிறு கட்டிக் கோடு போட்டோம். கோட்டின் மேல் 2 அடி உயரத்தில் இரண்டு கற்கட்டுகள். அதே ஒழுங்கையில் இடித்த வீடொன்றின் அத்திவாரக் கருங்கற்கள் மலிவாகக் கிடைத்தன. சாந்து பூசவில்லை. அடிக்கல்லை அரை அடி புதைத்து, கட்டைச் சற்றுப் பின்சாய்வாக அடுக்கி, பின்னால் சல்லி நிரப்பினோம். கல்லிடுக்கால் தண்ணீர் கசிவதால் கட்டு தள்ளப்படாது. 3 அடிக்கு மேல் உயர்த்துவதானால் பொறியியலாளரின் ஆலோசனை அவசியம்.

கீழ்த்தட்டில், அடிமதிலுக்கு 4 அடி தள்ளி, குறுக்கே 2 அடி ஆழப் பள்ளம் வெட்டி, பொச்சுமட்டை அடுக்கி மண்ணால் மூடினோம். தென்னந்தோட்டங்களில் ஈரம் காக்கச் செய்யும் பழைய முறை இது. பொச்சுமட்டை தண்ணீரைக் குடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல விடும். மதிலை ஒட்டி வெட்டினால் அத்திவாரம் இளகிவிடும்.

மாமரத்தடியில் தடித்த வேர் எதையும் வெட்டவில்லை. கற்கட்டையே வளைத்துக் கொண்டுபோனோம். அடிமரத்தைச் சுற்றி மண் குவிக்கவும் கூடாது. வேர்களுக்குக் காற்றுப் போகாமல் மரம் பட்டுவிடும்.

படிகள் அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றபடி 6 அங்குல உயரம், 14 அங்குல அகலம். ஒரு பக்கத்தில் பிடித்து நடக்க இரும்புக் குழாய்.

நிழலில் என்ன வளரும்?

நடுவதற்கு முன் ஒரு வாரம் வெயிலைக் கவனித்தேன். மேல்தட்டில் மட்டும் நான்கைந்து மணிநேர வெயில் விழுந்தது. அங்கே கறிவேப்பிலையும், கற்கட்டின் விளிம்பில் வெட்டிவேரும். வெட்டிவேர் மண்ணை இறுகப் பிடிக்கும். ஆனால் நிழலில் தேறாது. அரை நிழலில் இஞ்சி, மஞ்சள், றம்பை, சேம்பு. தரையோடு படர வல்லாரை. மரத்தில் ஏற மிளகுக்கொடி. அடர்ந்த நிழலில் பன்னங்கள், சட்டிகளில் அந்தூரியம். அந்தூரியம், மணிபிளான்ட் இலைகளைக் குழந்தைகள் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். எட்டாத இடத்தில் வையுங்கள். வெறும் மணலில் எதுவும் நிலைக்காது. குசினிக் கழிவையும் மாஞ்சருகையும் உக்கவைத்த கூட்டெரு முக்கியம்.

இது புதிய முறையல்ல. கண்டிப் பகுதி வீட்டுத்தோட்டங்களில் உயரத்தில் பலாவும் கமுகும், அதன் கீழே கோப்பியும் சாதிக்காயும், மரங்களில் மிளகு, தரையில் இஞ்சி என்று அடுக்கடுக்காக வளரும். பெந்தோட்டைக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948இல் வாங்கிய றப்பர் தோட்டம், இன்று உலகம் அறிந்த லுனுகங்கா. ஏரியை நோக்கி இறங்கும் அந்த மேட்டில் தட்டுகளும் படிகளும் அமைத்தார். பூவை விட இலைப் பச்சைக்கும் நிழலுக்குமே அங்கே முதலிடம். இதை அவர் 1998இல் கடும் நோயில் விழும் வரை செய்துகொண்டே இருந்தார்.

இரண்டு எச்சரிக்கைகள்

நிழல் என்றால் நுளம்பும் வரும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே ஞாயிறுதோறும் சட்டித் தட்டு, சிரட்டை, கூரைப் பீலி எல்லாவற்றையும் பார்த்துக் கவிழ்த்துவிடுவோம். பொச்சுமட்டையும் வெளியில் கிடக்கக்கூடாது.

மலையகச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. செங்குத்தான சரிவில் நிலம் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாக ஊற்றுக் கசிந்தாலோ மண்ணை வெட்டவே வேண்டாம். உடனே அவ்விடத்தை விட்டு விலகி, கிராம அலுவலர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

கிடைத்த பலன்

இரண்டு வைகாசி மழை கடந்துவிட்டது. அக்காவின் குசினி நனையவில்லை. எங்கள் வல்லாரை அவர் வீட்டில் மல்லுமாகிறது. அவர் தந்த றம்பைக் கன்றுதான் எங்கள் வளவில் புதராக நிற்கிறது. அம்மா காலையில் தேநீரோடு நடுத்தட்டு வாங்கில் இருக்கிறார். மஞ்சள் கிண்டும் நாளையும் அவரே சொல்கிறார்.

உங்களுக்கும் சரிவான வளவு இருந்தால் மழை குறைந்த தை, மாசியில் கற்கட்டை முடியுங்கள். சித்திரை மழையோடு கன்றுகளை நடுங்கள். முழுவதையும் ஒரே தடவையில் செய்ய வசதி இல்லாவிட்டால் மேல்தட்டில் தொடங்குங்கள். மேலே நின்ற தண்ணீர் கீழே கேடு செய்யாது.